முதலாம் பிள்ளையின் வலது கை

என் வலது கை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பாதிக் கடிதத்தில், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. பேனை விரல்களுக்குள் இருந்து வழுகி, மேசையில் உருண்டு, நிலத்தில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். கை கீழே போனது, விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் வலது கையைக் கிள்ளிப் பார்த்தேன். நோகவில்லை. அப்போதுதான் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

இதைப் பயந்து பயந்து எழுதப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். பயந்த காலம் முடிந்துவிட்டது. அதே கையால்தான் இதை எழுதுகிறேன், நிறுத்த மனமில்லாமல் எழுதுகிறேன். நான் கதைக்கத் தொடங்கினால் நிற்பாட்ட மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். எழுத்திலும் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து நான் அறிந்துகொண்டதைச் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும், பெற்றவர்களுக்கும், படிப்பிக்கிறவர்களுக்கும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அறுபதுகளின் கடைசி. எங்கள் வீடு கொக்குவிலில். எனக்குப் பதினெட்டு வயது, மார்கழியில் பல்கலைக்கழகச் சோதனை, அதற்கு இன்னும் பத்துக் கிழமை. நான் டொக்டராக வேண்டும் என்பது நான் பிறந்தபோதே முடிவாகிவிட்ட விஷயம். என்னைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

அப்பா கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தார். அங்கே வேலை பார்க்கும் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஒரு சமையல்காரரையும் வைத்துக்கொண்டு இருப்பார்கள். அதற்குச் சமறி என்று பெயர். நான் ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். சனிக்கிழமை வகுப்புச் சோதனையில் எந்தப் பாடத்துக்கு எத்தனை புள்ளி, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அதைச் சமறியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார். மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளின் கடிதங்களை வாசிப்பார்கள். நாங்கள் எல்லாரும் இங்கே படித்தோம், போட்டி அங்கே நடந்தது.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கண்டால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள். எத்தனையாம் பிள்ளை என்று கேட்பார்கள். ஆறாம் வகுப்பில் இருந்து நான் முதலாம் பிள்ளை. கேட்டவர்களுக்கெல்லாம் நிமிர்ந்து நின்று பதில் சொன்னவள். அந்த வருடம் இரண்டாம் தவணையில் பதினான்காம் பிள்ளையானேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அப்பா வாங்கித் தந்த மணிக்கூடு விடிய நாலு மணிக்கு அடிக்கும், எழும்பிப் படிப்பேன். படிக்கப் படிக்க ஒன்றும் தலைக்குள் நிற்கவில்லை. வாசித்த வரியையே நாலு தரம் வாசிப்பேன். முடிவு வந்த ஞாயிறு கடிதம் எழுத இருந்தபோது, பதினான்கு என்று எழுதக் கை வரவில்லை. முதலாம் பிள்ளை என்றே எழுதிவிட்டேன். ஒருமுறை எழுதினால் பிறகு அடுத்த கிழமையும் அப்படித்தானே எழுத வேண்டும். பொய்ப் புள்ளி போட்டுப் போட்டு ஒன்பது கடிதம் அனுப்பினேன். பத்தாவது கடிதத்தில், "வகுப்பில் இம்முறையும் நான்" என்ற இடத்தில்தான் கை நின்றது.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கைக்கும் கடிதத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை.

அம்மா முதலில் எண்ணெய் தேய்த்தாள். பிறகு பரியாரியாரைக் கூப்பிட்டாள். அவர் நாடி பிடித்து, வாதம் என்றார். ஆரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னதும், இணுவில் கந்தசாமி கோயிலுக்கு ஓடிப்போய் நேர்த்தி வைத்து, மணிக்கட்டில் நூல் கட்டிவிட்டாள். இடையில் பெரியப்பா வந்தார். அப்பாவின் தமையன், இளைப்பாறிய தலைமை வாத்தியார். என் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது பொத்தென்று விழுந்தது.

"உது நடிப்பு," என்றார். "சோதினைக்குப் பயந்து பிள்ளை நடிக்குது. ரெண்டு போடு போட்டால் கை எழும்பும்."

அம்மா உள்ளே போய்ச் சீலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"வெளிக்கிடு பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றாள்.

பஸ்ஸில் போய் யாழ்ப்பாணத்தில் இறங்கினோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பக்கம் ஆட்கள் இருக்க நீள வாங்குகள். நம்பர்த் துண்டு எடுத்துக்கொண்டு காலை முழுக்க இருந்தோம். இருமுகிறவர்கள், குழந்தையை ஆட்டுகிறவர்கள், காலில் கட்டுப்போட்டவர்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான மனிசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தா. நடுவில் முனகலை நிற்பாட்டி என்னைப் பார்த்தா.

"எங்கை படிக்கிறாய் பிள்ளை?"

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன்.

"எத்தினையாம் பிள்ளை?"

அந்த வயிற்று வலியிலும் அதைக் கேட்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள். நான் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

டொக்டர் இளம் ஆள், மெலிந்தவர், சேட்டுக் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். ஒரு சின்ன ரப்பர்ச் சுத்தியலால் முழங்கையில் தட்டினார். கை தானாகத் துள்ளியது. நரம்பில் பழுது இருந்தால் இப்படித் துள்ளாது என்று பிறகு சொன்னார். கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்திக்கொண்டு வந்தார். தோளில் நொந்தது, முழங்கையில் நொந்தது, மணிக்கட்டு வரை நொந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் புறங்கையில் இரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது.

"வாட்டிலை கட்டில் குடுத்து வைச்சுப் பாப்பம்," என்றார்.

இரத்தம் எடுத்தார்கள். கழுத்து எலும்பை எக்ஸ்ரே பிடித்தார்கள். மூன்றாம் நாள் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நாடியோடு சேர்த்து மடக்கி, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையையும் முள்ளந்தண்டையும் சுற்றி ஓடுகிற நீர் அது, கிருமி இருந்தால் அதில் தெரியும். அன்றைக்குத்தான் நான் மெய்யாகப் பயந்தேன். ஊசி நோகவில்லை, சுகம் வராவிட்டால் என்ன செய்வேன் என்ற நினைப்புத்தான் நொந்தது. எழுதாத கையோடு எந்தச் சோதனைக்குப் போவது? அம்மா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று என் பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கதை எழுதுகிறவர்கள் இரவுகளைப் பற்றி எழுதுவார்கள். என்னிடம் அதற்கு ஒன்றும் இல்லை. படுத்தேன், விடிந்தது. நாலு மணிக்கு மணிக்கூடு அடிக்கவில்லை. ஆறு மணிக்கு மிஸ்ஸி வந்து காய்ச்சல் பார்க்க என்னைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. வாட்டில் நேர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். பாணும் பருப்பும் தேவாமிர்தமாக இருந்தது. கை ஏலாமல் கிடக்கிறேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே புளுகம், அப்படி ஒரு சந்தோஷம். ஒருவரும் புள்ளி கேட்கவில்லையே. இது நல்ல குணம் இல்லை என்று நினைத்து வெட்கப்பட்டு, அதையும் ஒளித்து வைத்தேன்.

பார்வையாளர் நேரம் வந்தால்தான் நெஞ்சு இடிக்கும். மற்றக் கட்டில்களுக்குத் தோடம்பழமும் விசுக்கோத்தும் வந்தன. எனக்கும் வந்தன, கூடவே பழைய சோதனைத் தாள்களும் வந்தன. சித்தி ஒரு கட்டுக் கொண்டுவந்தா. பெரியப்பா ஐந்து வருடத் தாள்களை நூலால் தைத்துக் கொண்டுவந்து என் நெஞ்சில் வைத்தார்.

"கை ஏலாட்டி என்ன? கண் இருக்குத்தானே. வாசி," என்றார்.

அந்தக் கட்டை அம்மா எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த நாள் பார்த்தால் அது பானைக்குக் கீழே இருந்தது.

நாலாம் நாள் டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அம்மாவைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொன்னார். பேனையை எடுத்து என் கையில் கோடு கீறினார்.

"சின்ன விரலுக்கு வாற நரம்பு இதாலை வருது. பெருவிரலுக்கு வேறை ஒண்டு. நரம்பு பழுதெண்டால் இப்பிடி நீட்டு நீட்டாய்த்தான் விறைக்கும். உமக்குக் காப்புப் போடுற இடத்திலை வெட்டினமாதிரி நிக்குது. அப்பிடி ஓடுற நரம்பு ஒண்டும் மனிசருக்கு இல்லை. இரத்தம், எக்ஸ்ரே, முதுகுத்தண்ணி எல்லாம் சரி."

நான் எழும்பி இருந்தேன். "அப்ப நான் நடிக்கிறனோ டொக்டர்?"

"இல்லை. நடிக்கிற ஆள் ஊசி குத்தேக்கை கண்ணைச் சுருக்கும். நீர் சுருக்கேல்லை. உம்மடை கை மெய்யாத்தான் நிண்டிருக்கு. மனம் தாங்கேலாத பாரத்தைச் சிலவேளை உடம்பு வாங்கிக்கொள்ளும். சிலருக்குத் தலையிடி, சிலருக்கு வயித்துக்குத்து, உமக்குக் கை. இதுக்குப் புத்தகத்திலை ஒரு பேர் இருக்கு. ஊரிலை அந்தப் பேரைச் சொன்னால் விசர், பைத்தியம் எண்டு கதைப்பினம், அதாலை உம்மடை கட்டில் ரிக்கற்றிலை சோதினைக் களைப்பு எண்டு எழுதிறன். ஆனால் வருத்தம் வருத்தம்தான், மெய்யான நோய். சுகம் வரும்."

சுகம் வரும் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"கை நிக்கேக்கை என்ன எழுதிக்கொண்டிருந்தனீர்?"

"கடிதம்."

"ஆருக்கு?"

"அப்பாவுக்கு."

"அதிலை என்ன?"

அழத் தொடங்கினேன். ஒன்பது கடிதம், பதினான்காம் பிள்ளை, சமறி, எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னேன். பொய்க்காரி என்று ஏசுவார் என்று பார்த்தேன். அவர் ஏசவில்லை.

"அப்பாவுக்கு இதை நீர்தான் சொல்ல வேணும்," என்றார். "இண்டைக்கு வேண்டாம், சொல்லத் தெம்பு வந்த பிறகு சொல்லும். அதுவரைக்கும் படிப்பும் இல்லை, பாடம் எழுதிறதும் இல்லை. இதுதான் மருந்து."

எனக்கு இப்படி ஒரு மருந்தை ஒருவரும் தந்ததில்லை. கையில் மருந்துத் துண்டை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்ட வேண்டும் போல இருந்தது.

படிக்க வேண்டாம் என்றால் பகல் முழுக்க என்ன செய்வது? மிஸ்ஸி காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கட்டிலில் போட்டா. சதுரமாக மடித்துக் கொடுத்தால் அவித்து எடுப்பார்கள். நானும் பக்கத்துக் கட்டில் இரத்தினமக்காவும் மடித்தோம். இரத்தினமக்கா மயிலிட்டிப் பக்கம், கடற்றொழில் செய்கிற குடும்பம், கண் மஞ்சளாகிச் செங்கமாரி வந்து படுத்திருந்தா. இருபத்தெட்டு வயது இருக்கும். எதற்கும் சண்டை பிடிப்பா. பாண் தடிப்பு என்று சண்டை, ஃபான் சுற்றவில்லை என்று சண்டை. நான் இடது கையால் மடிக்க, வலது கையைத் துணியின் மேல் பாரமாக வைத்துக்கொள்வேன். மடிக்கத் தொடங்கின இரண்டாம் நாள் பெருவிரல் துணியை அழுத்திப் பிடித்தது. இரத்தினமக்காதான் கண்டா.

"உன்ரை விரல் ஆடுது பெட்டை."

"இல்லை அக்கா."

"எனக்கென்ன, கண் மஞ்சளே ஒழியக் குருடே? ஆடினது."

ஏழாம் நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தார்கள். எங்கள் வகுப்பாசிரியை கிரேஸ் ரீச்சர், இரசாயனம் படிப்பிக்கிறவ. மானிப்பாயில் மிஷன் குடும்பம், சிரிக்கிறது குறைவு. அவவோடு மனோவும் சரோவும். மனோதான் அப்போது முதலாம் பிள்ளை, என் இடத்தில் இருக்கிறவள். இடம் என்றால் மெய்யாகவே இடம். எங்கள் வகுப்பில் புள்ளிக் கணக்குப்படிதான் இருத்துவார்கள். முதலாம் பிள்ளை முன் வரிசை யன்னலோரம், கடைசிப் பிள்ளை பின்சுவரோரம். நான் நாலாம் வரிசையில் இருந்து மனோவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"என்ன வருத்தமாம்?" என்று ரீச்சர் கேட்டா.

டொக்டருக்குச் சொன்ன பிறகு எனக்கு வாய் திறந்துவிட்டது. "சோதினைக் களைப்பு ரீச்சர். கை நரம்பு சரியாம். மனம்தான் ஏலாமல் போட்டுதாம்."

பெரியப்பா மாதிரி நடிப்பு என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். மனோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலமை சத்தி எடுக்கிறனான்," என்றாள். "கிணத்தடியிலை, வயித்திலை ஒண்டும் நிக்காது. அம்மாவுக்குத் தெரியாது."

சரோ தன் றிபனை அவிழ்த்தாள். காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு மயிர் இல்லை. படிக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாளாம், நிற்பாட்ட முடியவில்லையாம்.

எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு நாளும் ஒரே வகுப்பில், ஒருத்தியின் முதுகை ஒருத்தி பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு வருத்தத்தை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். முதலாம் பிள்ளைக்கும் அது, பின்வரிசைக்கும் அது. அழ வேண்டிய இடம், எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்க மனோவும் சிரித்தாள், சரோ றிபனை வாய்க்குள் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

கிரேஸ் ரீச்சர் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டா. கட்டிலில் இருக்கக்கூடாது என்று சட்டம், அவ சட்டம் மீறி நான் கண்டதில்லை.

"மாக்ஸ் லிஸ்ற் ஒட்டுற நாளிலை நானும் காலமை சாப்பிடுறேல்லை," என்றா மெதுவாக. "ஒட்டிப்போட்டு உங்கடை முகங்களைப் பாக்கேலாமல் லாப்புக்குள்ளை போய் நிக்கிறனான்."

நாங்கள் போட்ட சத்தத்தில் மிஸ்ஸி வந்து ஏசினா. போகும்போது ரீச்சர் டொக்டரோடு நெடுநேரம் கதைத்துவிட்டுப் போனா.

அடுத்த நாள் காலை இரத்தினமக்கா ஒரு கடிதத்தாளை என் மடியில் போட்டா. அவவுடைய புருஷன் பருவத்துக்கு முல்லைத்தீவுக்குத் தொழிலுக்குப் போய் அங்கே கடற்கரையில் குடிசை போல வாடி போட்டிருந்தார். இவ ஆஸ்பத்திரியில் இருப்பது அவருக்குத் தெரியாது.

"எழுது."

"எனக்குக் கை ஏலாதக்கா. டொக்டரும் எழுத வேண்டாம் எண்டவர்."

"பாடம் எழுத வேண்டாம் எண்டவர். இது என்ரை கடிதம். ஏலாட்டி இடக்கையாலை கிறுக்கு, அந்தாள் என்ன வாத்தியே பிழை பிடிக்க?"

தாளை இடது கையால் அமத்திப் பிடித்தேன். அவ சொல்லத் தொடங்கினா. வேகமாகச் சொன்னா, யோசிக்க நேரம் தரவில்லை.

"சின்னவன்ரை அப்பா அறிய வேண்டியது. எனக்குச் செங்கமாரி. சாகேல்லை. பிள்ளையளை அம்மா பாக்கிறா. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுறியளோ? இரவிலை நித்திரை கொள்ளுறியளோ? மழைக்கை நிண்டு வலையோடை மினைக்கெடாமல் வாடிக்குள்ளை படுங்கோ. வேறை ஒண்டும் இல்லை."

மேல்விலாசத்துக்குப் பெயர் கேட்டேன். புருஷனின் பெயரை வாயால் சொல்ல மாட்டா. தன் கட்டில் ரிக்கற்றைக் காட்டினா, அதில் இருந்தது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எந்தக் கையால் எழுதுகிறேன் என்று கண்டேன்.

வலது கை. எழுத்து, ஏடு தொடக்கின குழந்தையின் எழுத்துப் போல ஆளுக்கொரு பக்கம் சரிந்து கிடந்தது. ஆனால் எழுத்து. நான் கட்டிலில் எழும்பி நின்றே விட்டேன். மிஸ்ஸி ஓடி வந்தா, அம்மா ஓடி வந்தாள். இரத்தினமக்கா கடிதத்தைப் பறித்து மடித்து உறைக்குள் வைத்தா.

"கூத்தாடிக் கிழிச்சுப்போடாதை," என்றா.

டொக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் கடிதத்தில் புள்ளி ஏதும் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அப்பா வந்தார். அம்மாவின் தந்தியைக் கண்டு லீவு எடுத்து, ரெயிலில் வந்து, வீட்டுக்கும் போகாமல் நேரே வாட்டுக்கு வந்திருந்தார். சேட்டில் கரித்தூள். கை வந்துவிட்டது என்று அம்மா சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். பையைத் திறந்து ஒரு புதுப் பேனை எடுத்தார். சோதனைக்கென்று வாங்கி வைத்திருந்தாராம். பைக்குள் என் கடிதங்கள் ஒன்பதும் றப்பர் போட்டுக் கட்டி இருந்தன.

"எங்கை பிள்ளை, உன்ரை பேரை ஒருக்கால் எழுது பாப்பம்," என்று பேனையைக் கையில் வைத்தார்.

கை நின்றது. காலையில் எழுதின கை, அதே விரல்கள், மரம் மாதிரி நின்றன. பேனை கட்டிலில் விழுந்து துணியில் மை ஊறியது. அப்பாவின் முகம் இருண்டது. எனக்கு அந்த நிமிடத்தில் நன்றாக விளங்கியது. இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கை இனி எழுதாது. மார்கழிக்கும் எழுதாது, பிறகும் எழுதாது.

"அப்பா, நான் முதலாம் பிள்ளை இல்லை. பதினாலாம் பிள்ளை. அந்தக் கடிதம் ஒன்பதும் பொய்."

அவர் ஒன்றும் விளங்காதவர் மாதிரிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப முதலாம் பிள்ளை ஆர்?"

இவ்வளவுக்கும் பிறகு அவருக்கு அதுதான் வாயில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. அப்பாவிடம் எனக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

"மனோ," என்றேன். "அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கிணத்தடியிலை சத்தி எடுக்கிறவள். அவளின்ரை இடம் உங்களுக்கு வேணுமோ அப்பா?"

அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். என் பள்ளிக்கூட அறிக்கையில் அப்பா ஊரில் இல்லாதபடியால் அம்மாதான் கையெழுத்து வைப்பாள். மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டு, பார்க்காமலே வைப்பாள். அதை நம்பித்தான் நான் தப்பித்திருந்தேன்.

"கண்ணாடி அலுமாரிக்குள்ளைதான் இருந்தது," என்றாள் அம்மா, மை ஊறின துணியை உருவிக்கொண்டு. "எனக்கும் அந்தாளுக்கு எழுதப் பயம். உன்னைத் தனிய விட்டிட்டன் பிள்ளை."

அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். இரத்தினமக்கா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாட்டில் நுளம்பு கூடிப்போச்சு என்று ஏசினா.

அடுத்த நாள் அப்பா தோடம்பழத்தோடு வந்தார். கதிரையில் இருந்து ஒரு பழத்தை உரித்தார். ஒவ்வொரு சுளையிலும் வெள்ளை நாரைப் பொறுமையாக எடுத்தார். அப்பா பழம் உரித்து நான் கண்டதில்லை. முதல் சுளையை நீட்டினார், நான் இடது கையை நீட்டினேன்.

"மற்றக் கையாலை வாங்கு," என்றார்.

வாங்கினேன். விரல்கள் மடங்கின.

"சமறியிலை எல்லாருக்கும் முன்னாலை வாசிச்சுப்போட்டன்," என்றார் பழத்தைப் பார்த்துக்கொண்டு. "இனி எந்த முகத்தோடை போறது எண்டுதான் ராத்திரி முழுக்க யோசிச்சன். உனக்குக் கை ஏலாமல் கிடக்க, நான் என்ரை முகத்தை யோசிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்." பழம் முழுவதையும் எனக்கே தந்தார்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். நாலு மணி மணிக்கூட்டை அம்மா ஆறுக்குத் திருப்பி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் கிரேஸ் ரீச்சர் அதிபரோடு சண்டை பிடித்து, ஒரு தவணைக்குப் பார்ப்போம் என்று அனுமதி வாங்கியிருந்தா. சுவரில் புள்ளித்தாள் இல்லை. அவரவர் புள்ளி அவரவர் கையில், மடித்துத் தருவா. புள்ளிப்படி இருத்துவதும் இல்லை, நான் யன்னலோரம் மனோவுக்குப் பக்கத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் வேப்பமரத்துக்குக் கீழே. புள்ளியைத் தவிர எதைப்பற்றியும் கதைக்கலாம். முதல் வெள்ளி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வெள்ளி மணி அடித்தும் எழும்பவில்லை. சரோவுக்கு மயிர் முளைக்கத் தொடங்கியதை நாங்கள் முறை வைத்துப் பார்த்தோம். மனோ சத்தி எடுப்பதை உடனே விடவில்லை, ஆனால் அவளுடைய அம்மாவுக்குச் சொல்லிவிட்டாள்.

மார்கழியில் சோதனை எழுதினேன். ஒவ்வொரு தாளையும் கடைசி வரி வரை இந்தக் கையால் எழுதினேன். முடிவு என்ன என்று நீங்களும் இப்போது கேட்கப்போகிறீர்கள், எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இவ்வளவும் வாசித்த பிறகும் கேட்டால் நீங்கள் என் பெரியப்பாவோடு போய் இருங்கள்.

இன்னொன்றைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, கொழும்புக்குத் திரும்பிவிட்ட அப்பாவுக்கு உண்மைக் கடிதம் எழுதினேன். பதினான்காம் பிள்ளை என்று எழுதினேன். வாட்டுப் பாணைப் பற்றி, இரத்தினமக்காவின் சண்டைகளைப் பற்றி, தாள்கட்டைத் தண்ணீர்ப் பானைக்குக் கீழே அம்மா வைத்ததைப் பற்றி எழுதினேன். நாலு பக்கம் வந்தது. கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தபாலில் போட்ட பிறகுதான், செவ்வாய்க்கிழமை அப்பா இதையும் சமறியில் வாசிப்பாரோ என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அப்பாவின் கந்தோர்க் கையெழுத்து, ஒரு பக்கம்தான்.

"அன்புள்ள மகள் அறிவது. உன் கடிதம் கிடைத்தது. வழமைபோலச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்தேன். பதினான்காம் பிள்ளை என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். முழுவதையும் வாசித்து முடித்தேன். தங்கள் பிள்ளைகளின் கடிதங்களை ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு நாலு பேர் எழும்பிப் போய்த் தங்கள் தங்கள் வீட்டுக்குக் கடிதம் எழுத இருந்தார்கள். என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. மகளே, நீ இரவில் நித்திரை கொள்கிறாயா?"

ஞாயிறு வரும் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே ஒரு தபாலட்டை எடுத்து எழுதிப் போட்டேன்.

"ஓம் அப்பா, கொள்ளுறன். நீங்கள்?"